மூன்று ஊசியிலேயே பார்வை தெளிந்துவிட்டது, இனி நிறுத்திவிடலாமா?

அப்பாவுக்கு ஈர வகை மாக்குலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் நோய்), கண்ணுக்குள் போட்ட மூன்று ஊசிக்குப் பிறகு எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது, போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இந்த ஊசி நோயை வேரோடு பிடுங்குவதில்லை, விழித்திரைக்கு அடியில் புதிதாக முளைத்த ரத்தக்குழாய்களின் கசிவை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான்.

மருந்தின் வீரியம் சில வாரங்களில் குறைந்ததும் கசிவு திரும்பலாம், அப்பாவுக்குப் பார்வை மங்கும் முன்பே அது விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் தெரிந்துவிடும்: விழித்திரை அடுக்குகளுக்கு நடுவே கறுப்பாகக் குமிழ் மாதிரி இருந்தால் அது தேங்கிய நீர். தாடையை வைத்து உட்கார்ந்தால் சில நிமிட வேலை, வலி கிடையாது. நீர் இல்லையென்றால் அடுத்த ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போடுவார்கள், இருந்தால் இடைவெளியைச் சுருக்குவார்கள்.

வீட்டில் ஆம்ஸ்லர் கட்டத்தாளை (நேர்கோடுகளால் கட்டம் கட்டமாக வரைந்த தாள்) படிக்கும் கண்ணாடியோடு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும், பலர் ஏமாறுவது இங்கேதான். கோடு நெளிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலியும் சிவப்பும் கூடி பார்வை குறைந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றே ஓடுங்கள்.