பழைய கீரை – ஒரு கடிதம்

வணக்கம். டொரொன்டோவில் இருக்கிறேன். கோடையில் தோட்டத்தில் பாலக்கும் வெந்தயக்கீரையும் நிறைய வருகின்றன. அக்டோபரில் உறைபனி விழுந்தால் தோட்டம் அவ்வளவுதான். ஃப்ரீசரில் வைத்த கீரை ஜனவரிக்குள் நிறம் மங்கி வைக்கோல் வாடை அடிக்கிறது. வேகவைத்து, மேலே எண்ணெய் ஊற்றி பாட்டிலில் அடைத்து வைக்கலாமா? ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், "பழைய கீரையைத் தின்பதற்குப் பட்டினி கிடக்கலாம்" என்கிறார்.
கே.

அன்புள்ள கே.,

பாட்டில் வேண்டவே வேண்டாம். இந்தக் கீரைகளில் புளிப்பு கிடையாது. காற்றில்லாத இடத்தில், உயிரையே பறிக்கும் நஞ்சை உண்டாக்குகிற பாட்டுலிசம் கிருமி சுகமாக வளரும். அதன் வித்துகள் கொதிநீருக்குச் சாகாது. அதற்கு 116 டிகிரி செல்சியஸாவது தொடவேண்டும், அழுத்தத்தில் பாட்டில்களைச் சூடாக்கும் பிரஷர் கேனர் என்ற பாத்திரம் தனியாக வேண்டும். எண்ணெய் ஊற்றினால் மிச்சமிருக்கும் காற்றும் போய்விடும். நஞ்சு இருப்பது மூக்குக்குத் தெரியாமலே போகலாம். குழந்தைகள் சாப்பிடுகிற வீட்டில் இதென்ன விளையாட்டு?

ஃப்ரீசருக்குள் பச்சையாகவே வைத்திருப்பீர்கள். இலையின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கிற நொதிகள் (என்சைம்கள்) குளிரில் ஓய்வதில்லை, மெதுவாக வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அவற்றை அடக்க, 2 நிமிடம் கீரையைக் கொதிநீரில் போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி, ஒட்டப் பிழிந்து வையுங்கள். விட்டமின் கொஞ்சம் போகும். போகட்டும்.

எனக்குச் சண்டை உங்கள் மாமியாரோடுதான். ஆண்டு முழுக்கக் கீரை முளைக்கிற ஊரில் அவர் சொல்வது சரி. பனி விழும் ஊருக்கு அந்தச் சட்டத்தை எதற்கு மூட்டை கட்டிக்கொண்டு வரவேண்டும்?

சிக்கிமில், காங்டாக்கில் வேலை பார்த்தபோது எங்கள் வீட்டுக்கார அம்மாள் நேபாளி. கீரை மலிந்த நாட்களில் கடுகுக்கீரையையும் முள்ளங்கி இலையையும் வாட்டி, கசக்கி, உப்புகூடப் போடாமல் பானையில் திணிப்பார். கட்டையால் இடிக்க இடிக்கப் பச்சைச் சாறு மேலேறும். அது இலையை மூடும்வரை கையை எடுக்கமாட்டார். இடுக்கில் காற்று நின்றால் பூசணம் பூக்கும். ஒரு வாரம் போல கழித்துத் திறந்தால் புளித்த வாடை மாடிப்படி வரை வரும். உங்கள் பாட்டிலில் இல்லாத காவல் அந்தப் புளிப்புதான். பிறகு வெயிலில் காயவைத்துவிட்டால் வயல் காலியாகக் கிடக்கிற மாதங்களுக்கு ஆயிற்று. அதுதான் குந்த்ருக். வறுத்த சோயா போட்டு ரசம் மாதிரி வைத்துக் கொடுத்தார். நான் முகம் சுளித்ததும், "பச்சைக்கீரை வேண்டுமென்றால் பச்சைக்கீரை வாங்கிக்கொள்" என்று கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இதைத்தான் எத்தனை பேரிடம் சொல்லியும் ஏறமாட்டேன் என்கிறது. பதப்படுத்திய கீரையை அன்று பறித்த கீரையோடு ஒப்பிட்டால் தோற்கத்தான் செய்யும். மணத்தக்காளி வற்றலைப் பச்சைக் காயோடு யாராவது ஒப்பிடுகிறோமா? வற்றல் குழம்பை "பழசு" என்று உங்கள் மாமியார் தள்ளுவாரா? கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், வெந்தயக்கீரைக்கு ஃப்ரீசரே வேண்டாம். நிழலில் மொறுமொறுவென்று உலர்த்தி டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். கஸூரி மேத்தி என்று கடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அது வேறென்ன? ஊரில் உங்கள் மாமியாரின் அலமாரியிலேயே ஒரு பாக்கெட் இருக்கும்.