வளவுக் கேள்வி: பேடு கிண்டிய பாத்தியும் மாமி சொன்ன தீர்ப்பும்

மாரி வெள்ளம் வடிந்து, மண் காலில் ஒட்டாமல் உதிரத் தொடங்கினால் வளவுத் தோட்டமும் கோழியும் பற்றி எனக்குக் கடிதங்கள் வரும் காலம் என்று அர்த்தம். தையில் கன்று நட்டவர்கள் மாசியில் கண்ணீரோடு எழுதுவார்கள். இந்த முறையும் அப்படித்தான்.

களுதாவளை வாசகி: தை கடைசியில் 60 கத்தரிக் கன்றும் 40 கொச்சிக்காய் (மிளகாய்) கன்றும் நட்டேன். வீட்டில் 11 ஊர்க்கோழி நிற்கிறது. ஒரு கிழமைக்குள் பாதிக் கன்று போய்விட்டது. மாமி கோழியை விற்கச் சொல்கிறார். என் கணவரோ, தோட்டத்தை விடு, மரக்கறியைச் சந்தையில் வாங்குவோம் என்கிறார். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் அக்கா.

தங்கச்சி, உங்கள் வீட்டு வழக்குக்குள் நான் வரவில்லை. கோழியின் பக்கத்தை மட்டும் பேசிவிட்டுப் போகிறேன்.

கோழிக்கு உங்கள் கத்தரிக் கன்றில் ஆசையே கிடையாது. நமது கிழக்கிலங்கைக் கரையோர மணலில், மழை விட்ட பிறகு வளவு முழுக்கக் காய்ந்து கிடக்கும். நீங்கள் காலையில் பூவாளியால் தண்ணீர் விட்ட இடம் மட்டும்தான் ஈரம். ஈரம் இருக்கிற இடத்தில் புழு இருக்கும், கொத்தின மண் இளகலாகவும் இருக்கும். நீங்கள் கோழிக்கு இலை போட்டுப் பந்தி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கன்று நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

இது எனக்கும் நஷ்டப்பட்டுத் தெரிந்த விஷயம். பேத்தியின் காதுகுத்துக்கு ஓடுகிற அவசரத்தில் கூட்டுக் கொக்கியைப் போட மறந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் 32 கத்தரிக் கன்றில் 5 நின்றது. பாத்திக்கு நடுவில் கறுத்தப் பேடு ஒன்று கண்ணை மூடிக்கொண்டு மண் குளித்துக்கொண்டிருந்தது. அடிக்கக் கை ஓங்கினேன், அது அசையவும் இல்லை.

அன்றிலிருந்து நான் செய்வதைச் சொல்கிறேன். முதலாவது நேரம். மாசி, பங்குனியில் கன்று முழங்கால் உயரம் வரும்வரை கோழியைப் பகலில் அடைத்து, பின்னேரம் 4 மணிக்குப் பிறகுதான் திறப்பேன். இருட்ட முன் தானாகக் கூட்டுக்கு வந்துவிடும், நாம் பின்னால் ஓடத் தேவையில்லை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. பேடுகள் பெரும்பாலும் காலையிலும் மதியத்துக்குள்ளும்தான் முட்டையிடும். அந்த நேரம் அடைபட்டிருந்தால் முட்டை உங்கள் பெட்டிக்குள் இருக்கும், பக்கத்து வீட்டு வேலி அடியில் இருக்காது. அடைத்து வைக்கிற கோழிக்குத் தீனியும் தண்ணீரும் நிழலும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். குறுணலும் தவிடும் மட்டும் போட்டுவிட்டு முட்டை குறைந்துவிட்டது என்று எனக்கு எழுதக் கூடாது. கொஞ்சம் கீரைத் தண்டு, உப்புப் போடாமல் அவித்த மீன் தலை, இவையும் வேண்டும். கருவாட்டுக் கழிவு வேண்டாம், உப்பு கூடினால் கோழிக்கு நஞ்சு.

இரண்டாவது வேலி. கிடுகு வேலி அழகுதான், ஆனால் இரண்டு மாரியில் உக்கிவிடும். நான் கரைவலைக்காரரிடம் கழித்த வலை வாங்கி 5 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறேன். அடியில் ஒரு முழத்துக்குப் பனை மட்டை வைத்து அடைத்தால் குஞ்சு நுழையாது. வலையின் மேல் விளிம்பில் கம்பு வைத்துக் கட்டாதீர்கள். கம்பு இருந்தால் கோழி அதில் ஏறி இருந்து, யோசித்து, உள்ளே குதிக்கும். விளிம்பு தொளதொளவென்று இருந்தால் அதற்குக் கால் வைக்கப் பயம். ஆனால் கீழ்ப்பக்கம் இறுக்கமாக இருக்க வேண்டும். என் வலையில் ஒரு சாரைப்பாம்பு சுற்றிக்கொண்டு, அதை வெட்டி எடுக்க முழுக் காலையும் போனது. எலி பிடிக்கிற சீவன், பாவம்.

பறக்கிற பேடு ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அதற்கு ஒரு பக்கச் செட்டையில் மட்டும், நீள இறகு பத்தையும் பாதியளவு வெட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாது, அது பறக்கப் பழகிவிடும். புது இறகு முளைத்துவரும்போது அடிப்பாகத்தில் இரத்தம் ஓடும், அதை வெட்டக் கூடாது. இறகு உதிர்ந்து முளைத்த பிறகு திரும்ப வெட்ட வேண்டிவரும்.

மூன்றாவது, நான் மிகவும் நம்புவது: தேங்காய்ப் பொச்சு. ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் நாலு பொச்சு, நார்ப்பக்கம் மண்ணில் படக் கவிழ்த்து வையுங்கள். கோழியால் கிண்ட முடியாது. அதோடு வேரடி குளிர்ச்சியாக இருக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றினாலும் கன்று வாடாது. வைகாசியில் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் இந்த மணலில் ஈரம் நிற்காது, வாவிக்கரைக் கிணறுகளும் உவர்க்கத் தொடங்கும். அதற்கு முன் காய் பறித்து முடிக்க வேண்டும் என்பதால்தான் இத்தனை பாடு. (கச்சான் என்று நாம் சொல்கிற நிலக்கடலைக்கும் இந்தக் காற்றுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்குக் கடலை அவிக்கத்தான் தெரியும்.)

கோழிக்கென்று ஒரு மூலையில், மர நிழலில், சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி விட்டுக் கொடுங்கள். மண் குளிப்பது அதற்குப் பேன் போக்குகிற வைத்தியம். இடம் கொடுக்காவிட்டால் உங்கள் பாத்தியை எடுத்துக்கொள்ளும். கடைசிக் காய் பறித்த பிறகு வேலியைத் திறந்துவிடுங்கள். மண்வெட்டி எடுக்காமலே பாத்தி கொத்தி, கூட்டுப்புழுவெல்லாம் பொறுக்கி, எருவும் போட்டுவிட்டுப் போகும். அன்றைக்கு மாமியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஆரையம்பதி வாசகர்: கூட்டில் வாரிய கோழி எச்சத்தை மிளகாய்க் கன்றுக்கு நிறையப் போட்டேன். மூன்றாம் நாள் இலை நுனி கருகிவிட்டது.

தம்பி, பச்சை எச்சம் சூடு. அதில் உள்ள தழைச்சத்து அமோனியாவாக வெளியேறும்போது வேரைச் சுடும். இப்போது செய்யக்கூடியது, அதை வாரி எடுத்துவிட்டு நன்றாகத் தண்ணீர் விடுவதுதான். இனிமேல் எச்சத்தோடு அரிசி ஆலை உமியும் காய்ந்த இலையும் கலந்து நிழலில் குவித்து, கிழமைக்கு ஒருமுறை புரட்டி, இரண்டு மூன்று மாதம் உக்க விடுங்கள். நாற்றம் போய், கையில் எடுத்தால் மண் மாதிரி உதிர வேண்டும். மணல் நிலத்தில் ஒரேயடியாகக் கொட்டினால் சத்தெல்லாம் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு பிடி, இரண்டு கிழமை கழித்து இன்னொரு பிடி. வல்லாரைப் பாத்திக்குப் பச்சை எச்சம் அறவே கூடாது, அதை நாம் பச்சையாகச் சம்பல் போட்டுச் சாப்பிடுகிறோம்.

2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது, அதுவரை என் கோழிக்கூட்டு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியவர்கள் எல்லாம் சாக்கோடு வந்து நின்றார்கள். நான் ஒரு சாக்குக்கு ஒரு முருங்கைக் கம்பு என்று பண்டமாற்றுச் செய்தேன். இன்று என் வேலி முழுக்க முருங்கை.

வவுணதீவு வாசகி: 12 குஞ்சு பொரித்தது. இப்போது 3 தான். மந்திரிக்க வேண்டுமா?

மந்திரிக்கிறவர் வருமுன் எப்படிக் குறைந்தது என்று பாருங்கள் மகள். ஒவ்வொன்றாகக் காணாமல் போனால் காகம், பருந்து, கீரி. அதற்கு மருந்து கரப்புத்தான். வாவியில் மீனுக்குக் குத்துகிற அதே கரப்புக் கூடை, பழசானால் குஞ்சு மூட நல்லது. முதல் ஒரு மாதம் தாயோடு சேர்த்து மூடி வையுங்கள்.

குஞ்சு செத்துக் கிடந்தால் அது நோய். இரத்தம் கலந்த எச்சம் என்றால் ஈரக் கூட்டில் பரவுகிற குடல் நோய், மிருக வைத்தியரிடம் மருந்து உண்டு, கூட்டைக் காய வைக்க வேண்டும். பச்சையாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்துத் திருகினால் அது ராணிகெத். வந்த பிறகு மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றுதான் வழி, அதுவும் ஊசி அல்ல, குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்கும் மேலே போதும், கரைத்துவிட்டால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், நாளைக்கென்று வைக்க முடியாது. அதனால் எங்கள் தெருவில் 9 வீடு சேர்ந்து எடுக்கிறோம். ஒருவர் ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவருவார், விடிய முன் கூட்டுக்குள் இருக்கும்போதே பிடித்துச் சொட்டுவிட்டு முடித்துவிடுவோம். பிறகு ஒரு வீட்டில் தேநீர். ஒருமுறை வெயிலில் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்த குப்பியைப் போட்டோம். அந்த வருடம் எனக்கு 14 கோழி செத்தது. தடுப்பு மருந்தைத் திட்டி வேலையில்லை, அது வெயிலிலேயே செத்துவிட்டது. எப்போது திரும்பப் போட வேண்டும் என்று மிருக வைத்தியரிடம் கேட்டு கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். செத்ததை வாவியில் எறியாமல் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாழுங்கள்.

திருக்கோவில் வாசகர்: கத்தரி பச்சையாக நிற்கும்போதே வாடிவிடுகிறது. தண்ணீர் ஊற்றியும் எழும்பவில்லை.

நுனிக் குருத்து மட்டும் வாடினால் உள்ளே புழு, குருத்தை வெட்டி எரியுங்கள். முழுச் செடியும் வாடினால் அடித்தண்டை ஒரு சாண் வெட்டி, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி வெட்டுமுகம் தண்ணீரில் படத் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி இறங்கினால் பக்றீரியா வாடல். செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், காப்பாற்ற முடியாது. அந்தப் பாத்தியில் அடுத்து கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் வேண்டாம். சோளமோ பயற்றையோ போடுங்கள். விதை, இன விபரங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேட்கலாம்.

களுவாஞ்சிகுடி வாசகி: அடை வைக்கும்போது இரும்புத் துண்டு வைத்தால் இடிக்கு முட்டை கூழாகாது என்கிறார் அம்மம்மா. உண்மையா?

வையுங்கள், அம்மம்மாவுக்கு நிம்மதி. ஆனால் ஒரு கிழமைக்கு மேல் சேர்த்து வைத்த முட்டையை வைத்தால் இரும்பாலும் ஒன்றும் நடக்காது. 10 முட்டை போதும். ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி மாதிரி நரம்பு ஓடினால் உயிர், வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். 21 ஆம் நாள் எனக்குக் கடிதம் போடுங்கள்.

பாண்டிருப்பு வாசகர்: முட்டை ஓடு காகிதம் மாதிரி இருக்கிறது.

மட்டி ஓட்டை இடித்துத் தனிச் சிரட்டையில் வையுங்கள். தேவையான பேடு தானே கொத்தும்.

கல்லாற்று வாசகர்: சேவல் விடியற்காலை 3 மணிக்குக் கூவுகிறதாம். அயல்வீட்டார் முறைப்பாடு. முட்டைக்குச் சேவல் கட்டாயமா?

சாப்பிடுகிற முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. கூவ வேண்டுமானால் அது கழுத்தை நீட்ட வேண்டும். நான் இரவில் மட்டும் கூரை தாழ்ந்த, இருட்டான, காற்றுப் போகிற பெட்டிக்குள் வைக்கிறேன். முழுக்க நிற்கவில்லை, 5 மணிக்குத் தள்ளிப்போனது. மாதத்துக்கு ஒருமுறை வேலிக்கு மேலால் நாலு முட்டையும் கொடுக்கிறேன். இப்போது அந்த வீட்டு அன்ரி, சேவல் கூவினால்தான் அடுப்பு மூட்டுகிறார்.