வாசகர் கேள்வி – பதில்: பாத்திரம் கழுவும் இயந்திரமும் எங்கள் கிணற்று நீரும்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்கித் தந்தார்கள். எந்தத் தூளைப் போட்டாலும் கண்ணாடிக் குவளைகளில் வெண்படலம் படிகிறது. இயந்திரம் பழுதா, தூள் சரியில்லையா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: பெரும்பாலும் இரண்டுமல்ல, உங்கள் கிணற்று நீரே காரணம். யாழ்ப்பாணத்தில் உங்கள் வலிகாமப் பகுதியின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறைகளினூடே வருவதால் அதில் கல்சியம் மிகுதியாகக் கரைந்திருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே, இயந்திரத்தினுள் நீர் சூடாகும்போது குவளைகளிலும் படிகிறது. ஐயமிருந்தால் ஒரு குவளையை வினாகிரியில் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். படலம் அகன்றால் சுண்ணாம்பு. அகலாவிட்டால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது, அதை மீட்க இயலாது.

அடுத்து, கீழ்த்தட்டை வெளியே எடுத்து, அடியில் திருகுமூடியுள்ள உப்புக்கலம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா இயந்திரங்களிலும் இது இருப்பதில்லை. இருந்தால், அதிலுள்ள உப்புக் கரைசல்தான் நீரை மென்மையாக்கும் பிசின் மணிகளில் சேர்ந்த கல்சியத்தைக் கழுவி, அவற்றை மீண்டும் வேலை செய்ய வைக்கிறது. கலம் வெறுமையாக இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த தூளும் முழுப் பயன் தராது. ஆனையிறவு உப்பளம் அருகிலேயே இருந்தாலும் சமையலுப்பை இதில் போடவே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்: அயடீனும், கட்டிபடாதிருக்கச் சேர்க்கும் பொருட்களும், கல்லுப்பிலுள்ள மண்ணும் அந்த அமைப்பைக் கெடுத்துவிடும். இதற்கென விற்கப்படும் தூய உப்பையே இட்டு, சிந்தியது துருப்பிடிக்க வைக்காதபடி உடனே ஒருமுறை கழுவ விடுங்கள். நீரின் கடினத்தன்மைக்கு, அதாவது அதில் கரைந்துள்ள கல்சியத்தின் மிகுதிக்கு, ஏற்ற அளவைக் கையேட்டைப் பார்த்து இயந்திரத்தில் அமைப்பதும் அவசியம்.

ஏற்கெனவே படிந்த சுண்ணாம்புக்கு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தை இட்டு, பாத்திரமும் தூளும் இல்லாமல் மிகச் சூடான சுற்றில் ஓடவிடுங்கள். வினாகிரியை அடிக்கடி ஊற்றினால் இறப்பர் வளையங்கள் கெடக்கூடும். எந்த அமிலத்தையும் குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்துடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு எழும்.

கேள்வி: மீன், நண்டு சமைத்த சட்டிகளைக் கழுவிய பின் இயந்திரம் நாறுகிறது, மேல்தட்டுப் பாத்திரங்களில் துகள்களும் ஒட்டியிருக்கின்றன.
– வாசகர், கொக்குவில்

பதில்: அடியிலுள்ள வடிகட்டியைத் திருகி எடுத்துப் பாருங்கள். நண்டு ஓட்டுத் துண்டுகள், கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவற்றின் மீது தேங்காய்ப்பால் கொழுப்பும் சேர்ந்து பசைபோலப் பிடித்திருக்கும். வடிகட்டியைச் சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் மென்மையான தூரிகையால் கழுவுங்கள். தினமும் கறி கழுவும் வீட்டில் வாரம் ஒருமுறையாவது இது வேண்டும். சுழலும் நீர்க்கைகளின் துளைகளை ஈர்க்கினால் குத்தி, முறிந்த துண்டு உள்ளே தங்காதபடி குழாய் நீரில் அலசுங்கள். குறைந்த சூட்டில் ஓடும் குறுகிய சுற்றுகள் கொழுப்பை முழுமையாக அகற்றுவதில்லை. எனவே இடையிடையே 65 அல்லது 70 பாகை செல்சியஸ் சுற்றைப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

கேள்வி: அலுமினியச் சட்டி கறுத்துவிட்டது, பிளாஸ்ரிக் பெட்டிகளில் மஞ்சள் கறை போகவில்லை.
– வாசகி, சாவகச்சேரி

பதில்: தூளிலுள்ள காரம் அலுமினியத்தின் மேற்படலத்தைத் தாக்குவதால் அது கறுக்கிறது. தேசிக்காய்ச் சாறோ பழப்புளியோ கலந்த நீரைச் சட்டியில் கொதிக்க வைத்தால் கறுப்பு குறையும். ஆனால் இனி அலுமினியம், பித்தளை, மண்சட்டி, சிரட்டை அகப்பை ஆகியவற்றைக் கையாலேயே கழுவுங்கள். மஞ்சள் கறையுள்ள பெட்டிகளைக் கழுவி வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் ஒளியில் மங்கிவிடும்.