கடல்பாசியில் மருந்து இருக்கிறதா? – கேள்வி பதில்

கடல்பாசியிலிருந்து கூட்டுச்சர்க்கரைகளை, அதாவது சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறுகளை, பிரித்தெடுக்கும் வேதியியல்தான் என் தொழில். நான் மருத்துவர் இல்லை. அதனால் யாருடைய மாத்திரையையும் நிறுத்தவோ மாற்றவோ சொல்ல மாட்டேன். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: சார், அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் ஃபியூகாய்டன் மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார். மாதத்துக்குப் பல ஆயிரம் ஆகிறது. பலன் இருக்குமா?

முதலில் அந்தப் பணத்தை அப்பாவின் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

ஃபியூகாய்டன் என்பது பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் இருக்கும் சல்பேட் ஏறிய ஒரு கூட்டுச்சர்க்கரை. ஸ்வீடனைச் சேர்ந்த ஹரால்ட் கைலின் 1913-லேயே இதைப் பிரித்தெடுத்துவிட்டார். ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்கள் மீது இதை ஊற்றினால் பல வகைச் செல்கள் சாகின்றன என்பது உண்மைதான். இதைச் சொல்லும் கட்டுரைகள் நிறைய உண்டு. விளம்பரங்கள் அவற்றைத்தான் காட்டுகின்றன. ஆனால் தட்டில் மருந்து புற்றுநோய்ச் செல்லின் மேல் நேரடியாகவே படுகிறது. வாய் வழியே போகும் ஃபியூகாய்டன் மிகப் பெரிய மூலக்கூறு. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போவது அதில் மிகச் சிறிய பங்கு. தட்டில் கொடுத்த செறிவு கட்டி இருக்கும் இடத்தில் கிடைக்கும் என்று நம்ப இடமே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபியூகாய்டன் ஒரே பொருள் இல்லை. எந்தப் பாசி, எந்தப் பருவத்தில் எடுத்தது, எப்படிப் பிரித்தது என்பதைப் பொறுத்துச் சல்பேட் அளவும் மூலக்கூறின் நீளமும் மாறிவிடும். ஒரு ஆய்வில் பயன்பட்ட ஃபியூகாய்டனும் நீங்கள் வாங்கும் டப்பாவில் இருப்பதும் பெயரில் மட்டும் ஒன்றாக இருக்கலாம். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. ஜப்பானில் குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில் களைப்பு குறைந்ததாகச் சொன்னார்கள். நோயைக் குணமாக்கியதாக எந்தப் பெரிய ஆய்வும் காட்டவில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். இதன் அமைப்பு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தை ஒத்தது. கீமோவின்போது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். எனவே அப்பாவின் புற்றுநோய் மருத்துவரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். மறைத்துக் கொடுக்க வேண்டாம்.

தூத்துக்குடி பல் மருத்துவ மாணவி: நாங்கள் தினமும் பல் அச்சு எடுக்கக் கலக்கும் ஆல்ஜினேட் பவுடர் பாசியிலிருந்து வருவது தெரியும். நெஞ்செரிச்சல் சிரப்பில் இருப்பதும் அதேதானா?

அதேதான். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆல்ஜினேட் என்பதும் பழுப்புப் பாசியின் ஒரு கூட்டுச்சர்க்கரைதான். அதை 1880-களின் தொடக்கத்தில் கண்டெடுத்தவர் ஸ்காட்லாந்துப் பாசிகளில் வேலை செய்த ஸ்டான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். சோடியம் ஆல்ஜினேட் தண்ணீரில் கரைந்து கொழகொழ என்று நிற்கும். கால்சியம் பட்டதும் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிவிடும். கால்சியம் குளோரைடு கரைசலுக்குள் ஆல்ஜினேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சொட்டும் விழுந்த கணத்திலேயே தோல் கட்டி, ஜவ்வரிசி மாதிரி உருண்டையாக அடியில் இறங்கும். சூடு வேண்டாம், கடுமையான ரசாயனம் வேண்டாம். உயிருள்ள செல்லைக்கூடச் சாகடிக்காமல் உள்ளே அடைத்துவிடலாம். லிம், சன் என்ற இருவர் 1980-ல் இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை இப்படி அடைத்து, சர்க்கரை நோயுள்ள எலிகளுக்குள் வைத்தார்கள். அந்த வழியில் ஆராய்ச்சி இன்றும் தொடர்கிறது.

உங்கள் பவுடரில் கால்சியம் சல்பேட் இருக்கிறது. கூடவே பாஸ்பேட் உப்பு ஒன்றும் இருக்கும். அதுதான் கால்சியத்தை முதலில் பிடித்துவைத்து, கலந்து ட்ரேயில் நிரப்பி நோயாளியின் வாயில் வைக்க உங்களுக்கு அவகாசம் தருகிறது. பாஸ்பேட் தீர்ந்ததும் அச்சு இறுகத் தொடங்கும்.

நெஞ்செரிச்சல் சிரப்பில் நடப்பது வேறு. வயிற்று அமிலம் பட்டதும் ஆல்ஜினேட் கூழாகிறது. கூடவே இருக்கும் சோடியம் பைகார்பனேட் வாயுவை விடுகிறது. வாயுக் குமிழ்கள் அந்தக் கூழுக்குள் சிக்கி, அதை இரைப்பையில் இருப்பதன் மேலே மிதக்க வைக்கின்றன. அமிலம் மேலே ஏறாமல் அது மறித்து நிற்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வெறும் வயிற்றில் குடித்தால் அது சீக்கிரம் கீழே இறங்கிவிடும்.

மூன்றாவது, புண்ணுக்கு வைக்கும் கட்டு. கால்சியம் ஆல்ஜினேட் இழையைப் பஞ்சு மாதிரி நெய்திருப்பார்கள். புண்ணில் கசியும் நீரிலுள்ள சோடியம் உள்ளே போகும், கால்சியம் வெளியே வரும், இழை கூழாகி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளிவரும் கால்சியம் ரத்தம் உறையவும் உதவுகிறது. நீர் நிறையக் கசியும் புண்ணுக்கு நல்லது, காய்ந்த புண்ணுக்கு வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் புண்ணுக்குச் சாதாரணக் கட்டைவிட ஆல்ஜினேட் கட்டு சீக்கிரம் ஆற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழுவின் மதிப்பாய்வு சொன்னது. கசிவைச் சமாளிக்க நல்ல பொருள், அவ்வளவே. விலை அதிகமானதால் சீக்கிரம் ஆறும் என்று எண்ண வேண்டாம்.

கவனித்தீர்களா, இந்த மூன்றிலுமே பாசிப் பொருள் உடலின் ரசாயனத்துக்குள் புகுந்து பெரிதாக எதையும் மாற்றவில்லை. கூழாக நின்று வேலையை முடிக்கிறது. கடல்பாசி தந்த நம்பகமான மருத்துவப் பயன்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

மதுரை வாசகர்: கொரோனாவுக்குக் கடல்பாசி மூக்கு ஸ்ப்ரே வேலை செய்தது என்று படித்தேன். உண்மையா?

அர்ஜென்டினாவில் நடந்தது அது. சிவப்புப் பாசியிலிருந்து வரும் அயோட்டா-காராஜீனன் என்ற, சல்பேட் ஏறிய கூட்டுச்சர்க்கரை கலந்த ஸ்ப்ரேயை, கோவிட் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த மருத்துவப் பணியாளர்கள் 394 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ ஸ்ப்ரே, பாதிப் பேருக்கு வெறும் ஸ்ப்ரே, தினமும் நான்கு முறை, 21 நாள். நிஜ ஸ்ப்ரே போட்டவர்களில் 2 பேருக்கும் மற்றவர்களில் 10 பேருக்கும் தொற்று வந்தது. முடிவு 2021-ல் வெளியானது. வைரஸ் மூக்கின் சவ்வில் ஒட்டுவதற்கு முன்பே சல்பேட் சங்கிலி அதைப் பிடித்துவிடும் என்பது இதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம். முறையாக நடந்த நல்ல ஆய்வு. ஆனால் மொத்தத் தொற்றே 12 பேருக்குத்தான். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு தடுப்பூசிக்குப் பதில் ஸ்ப்ரே என்று யாரும் சொல்லக் கூடாது.

இதே காராஜீனனுக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி. வைரஸையும் இது ஆய்வகத்தில் தடுத்தது. அதை நம்பி உடலுறவுக்கு முன் பெண்ணுறுப்பில் போடும் காராகார்டு என்ற ஜெல்லைத் தயாரித்து, தென்னாப்பிரிக்காவில் 6,202 பெண்களிடம் சோதித்தார்கள். 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: ஜெல் பயன்படுத்தியவர்களில் ஆண்டுக்கு நூறு பேருக்கு 3.3 தொற்று, போலி ஜெல் பயன்படுத்தியவர்களில் 3.8. அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. ஜெல் பாதுகாப்பாக இருந்தது, ஆனால் காப்பாற்றவில்லை. பெண்கள் பலர் ஒவ்வொரு முறையும் அதைப் போடவில்லை என்பதும் ஒரு காரணம். எனக்கு இந்த ஆய்வின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆயிரக்கணக்கான பெண்கள் பொறுமையாகப் பங்கெடுத்ததால்தான், ஆய்வகத்தில் பளிச்சென்று தெரிந்த ஒன்று மனிதர்களிடம் பலிக்கவில்லை என்பது நமக்குத் தெரிந்தது.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா: எனக்குத் தைராய்டு குறைவு. மாத்திரை சாப்பிடுகிறேன். பாசியில் அயோடின் இருப்பதால் சாப்பிட்டால் நல்லது என்று மகள் சொல்கிறாள்.

வேண்டாம் அம்மா, மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். அயோடினே பாசிச் சாம்பலிலிருந்துதான் கிடைத்தது. பிரான்சில் 1811-ல் பெர்னார் கூர்த்வா வெடியுப்பு தயாரிக்கும்போது, சாம்பல் கரைசலில் கந்தக அமிலம் கூடிப்போய் ஊதா நிறப் புகை எழுந்தது. அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலைக்கு அது மருந்தாகவும் ஆனது. ஆனால் அதிகமானாலும் தைராய்டு கெடும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். ஜப்பானியர் சூப்புக்குப் போடும் கொம்பு என்ற பழுப்புப் பாசியின் ஒரே கிராமில் 2,000 மைக்ரோகிராமுக்கு மேல்கூட இருக்கும். சுஷி சுற்றும் நோரியில் இதைவிடப் பல மடங்கு குறைவு. ஹொக்கைடோ கடற்கரையில் கொம்பு அதிகம் சாப்பிட்ட ஊர்களிலேயே கழலை வந்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 1960-களில் பதிவு செய்தார்கள். உங்களுக்கு அயோடின் உப்பே போதும். பல பேருக்குத் தைராய்டு குறைவதற்குக் காரணம் அயோடின் பற்றாக்குறையே அல்ல, சொந்த எதிர்ப்பு சக்தி சுரப்பியைத் தாக்குவதுதான். அவர்களுக்குக் கூடுதல் அயோடின் நிலைமையை மோசமாக்கலாம்.

கர்ப்பிணிகளும் பாசி மாத்திரைகளைத் தவிர்ப்பது நல்லது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், பாசியில் வைட்டமின் கே இருப்பதால் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிட வேண்டாம்.

சென்னை வாசகர்: அம்மாவுக்கு அல்சைமர். சீனாவில் பாசியிலிருந்து ஒரு மருந்து வந்ததாமே?

ஜிவி-971 என்று சொல்வார்கள். பழுப்புப் பாசிச் சர்க்கரைகளைச் சிறு துண்டுகளாக்கித் தயாரித்தது. சீனாவில் 818 நோயாளிகளிடம் 36 வாரம் சோதித்து, 2019 நவம்பரில் நிபந்தனையோடு அனுமதித்தார்கள். குடல் பாக்டீரியாக்களை மாற்றி மூளையின் அழற்சியைக் குறைக்கிறது என்றார்கள். அந்த 36 வாரத்தின் முடிவுப் பகுதியில் மட்டும் போலி மருந்துக் குழு திடீரென்று மோசமானது ஏன் என்று வெளிநாட்டு நிபுணர்கள் அப்போதே கேட்டார்கள். பல நாடுகளில் தொடங்கிய அடுத்த பெரிய ஆய்வை 2022-ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். யாராவது வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்றால் ஏமாற வேண்டாம். உங்கள் வலி புரிகிறது, ஆனால் இதில் நம்பிக்கை வைக்கும் அளவுக்கு எதுவும் நிரூபணமாகவில்லை.

கோவை வாசகி: ஐஸ்கிரீமில் 407 என்று போட்டிருக்கிறது, அது குடலைப் புண்ணாக்குமா?

அது உணவில் சேர்க்கும் பொருளின் எண். 407 காராஜீனன்தான். 406 அகார், 401 சோடியம் ஆல்ஜினேட். பயமுறுத்தும் ஆய்வுகளில் பல, அமிலத்தால் உடைத்துத் துண்டாக்கிய பாலிஜீனன் என்ற வேறு பொருளைப் பற்றியவை. அது உணவில் சேர்ப்பதற்கானது அல்ல. ஆரோக்கியமானவர்கள் எப்போதாவது சாப்பிடும் ஐஸ்கிரீமுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்கலாம். அமெரிக்காவில் வெறும் 12 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், காராஜீனன் சாப்பிட்ட சிலருக்கு நோய் திரும்பியது, சாப்பிடாதவர்களுக்குத் திரும்பவில்லை. எண்ணிக்கை மிகச் சிறியது. இருந்தாலும் அவர்கள் தவிர்ப்பதில் நஷ்டமில்லை.

சைவ வாசகர்: வைட்டமின் பி12-க்கு ஸ்பைருலினா போதுமா?

போதாது. ஸ்பைருலினா என்ற அந்த நீலப்பச்சைப் பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி பி12. பால், தயிர் அல்லது மாத்திரைதான் வழி.

மண்டபம் பக்கத்திலிருந்து: தம்பி, நாங்க பொம்பளைங்க விரலில் துணி சுத்திக்கிட்டுத் தீவுப் பக்கம் மூழ்கி எடுக்கிற பாசி மருந்துக்குப் போகுதா, சாப்பாட்டுக்குப் போகுதா?

இரண்டுக்கும் போகிறது அக்கா. நீங்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வரும் அகார் நன்றாக இறுகும், ஆய்வகங்கள் கேட்கும் தரத்துக்குப் பொருத்தமானது. கஞ்சிப் பாசியின் அகார் பெரும்பாலும் உணவுக்கு. கட்டைக்கோரையும் பக்கோடாப் பாசியும் ஆல்ஜினேட்டுக்கு. மூங்கில் மிதவையில் வளர்க்கும், ஊரில் பெப்சிப் பாசி என்று சொல்வது காராஜீனனுக்கு.

ஆய்வகத்தில் அகார் என்ன செய்கிறது என்றால், நோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க அதுதான் தட்டு. முன்பு ஜெலட்டினில் வளர்த்தார்கள். உடல் சூட்டில் அது உருகிவிடும், சில கிருமிகள் அதையே தின்றுவிடும். ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியின் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸிடம், அவர் மனைவி ஃபானி ஹெஸ் தன் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகாரைப் பயன்படுத்தச் சொன்னார். அகார் கிட்டத்தட்டக் கொதிநிலையில்தான் உருகும், ஆறும்போது 40 டிகிரிக்குக் கீழேதான் இறுகும், கிருமிகளுக்குச் செரிக்காது. காசநோய்க் கிருமியைப் பற்றிய 1882 கட்டுரையில் காக் அகாரைக் குறிப்பிட்டார், ஃபானியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இன்று ஒருவருக்குச் சிறுநீரில் தொற்று, எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று பரிசோதனைக்கூடத்தில் பார்க்கிறார்களே, அது அகார் தட்டில்தான். பாசியின் மருத்துவப் பயன் என்று யாராவது என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். உங்கள் கைக்கு வரும் விலை இதற்கு ஈடானதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: அப்போ நம்ம பாசியையே காயவைத்துப் பொடியாக்கி, மூட்டுவலிக்கு வீட்டில் சாப்பிடலாமா சார்?

கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பாசிச் சாற்றிலிருந்து மூட்டுவலி, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கு உதவும் கேப்சூல்களை உருவாக்கி, நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்திருக்கிறது. அவை ஊட்டச்சத்துப் பொருட்களாக விற்பவை, மருத்துவர் எழுதும் மருந்துக்கு மாற்றல்ல. அவற்றிலும் சாற்றைப் பிரித்து, சுத்தம் செய்து, அளவு பார்த்து அடைக்கிறார்கள். வீட்டுப் பொடியில் அது எதுவும் நடக்காது. பாசி தண்ணீரில் இருக்கும் ஆர்சனிக், காட்மியம், ஈயம் எல்லாவற்றையும் உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். ஹிஜிகி என்ற பாசியில் கனிம ஆர்சனிக் அதிகம் என்பதால் பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004-ல் அதைச் சாப்பிட வேண்டாம் என்றே சொன்னது. கட்டைக்கோரை அதே பேரினத்தைச் சேர்ந்தது. அதனால் அதைக் கண்டிப்பாகப் பொடியாக்க வேண்டாம். கஞ்சிப் பாசியைக் காய்ச்சி வடிகட்டிக் கஞ்சியாகக் குடிப்பது வேறு. துறைமுகம், சாக்கடை, ஆலைக் கழிவு சேரும் இடத்தில் எடுக்காததாக இருந்தால் எப்போதாவது குடிக்கலாம். தைராய்டு கோளாறு இருந்தால் அதுவும் மருத்துவரைக் கேட்டுத்தான்.