மனை காட்டிய பிறகு தரகருக்கு என்ன வேலை?

கேள்வி: கடலூர் கூத்தப்பாக்கம் பக்கம் 1,200 சதுர அடி மனை ஒன்று பார்த்திருக்கிறோம். தரகர் இரண்டு சதவீதம் கமிஷன் கேட்கிறார். இரண்டு நாள் வண்டியில் கூட்டிப்போய்க் காட்டியதற்கா இவ்வளவு என்கிறார்கள் வீட்டில். கொடுக்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: காட்டியதற்கு மட்டும் என்றால் அதிகம்தான். நல்ல தரகரின் வேலை பெரும்பாலும் நீங்கள் மனையைப் பார்க்கும் முன்பே நடந்து முடிந்திருக்கும். அதைச் செய்தாரா என்று அறிய அவருடைய ஃபைலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முதலில் 30 ஆண்டு வில்லங்கச் சான்று, அதாவது மனை மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று. பழைய சர்வே எண், புது உட்பிரிவு எண் இரண்டுக்கும் போட்டிருக்க வேண்டும். 412/3 என்ற நிலம் பிறகு 3ஏ, 3பி என்று பிரிந்திருந்தால், புது எண்ணுக்கு மட்டும் போட்ட வில்லங்கத்தில் பழைய அடமானம் சிக்காமல் போகும். அங்கீகாரம் இல்லாத மனையென்றால் 20.10.2016-க்கு முன்பே மனையாகப் பதிவானதா, அதை முறைப்படுத்திய அரசின் வரன்முறை ஆணை இருக்கிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து அளவு. பத்திரத்தில் சதுர அடி, பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். ஒரு ஏர் சுமார் 1,076 சதுர அடி. உங்கள் மனைக்குப் பட்டாவில் 1.11 ஏர்ஸ் வர வேண்டும். ஒரு ஏர் என்று மட்டும் இருந்தால் 124 சதுர அடியைக் காணோம். ரோட்டுக்கோ பக்கத்து மதில் சுவருக்கோ போயிருக்கலாம். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்தோடு போய் நான்கு பக்கமும் டேப் பிடித்தவருக்குத்தான் இது தெரியும்.

அதிக நாள் இழுப்பது வாரிசு விஷயம். உயில் எழுதாமல் இறந்த இந்து ஒருவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அவர் இறந்த அன்று அவருடைய தாய் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அந்தத் தாயின் பங்கை விட்டுவிட்டு எழுதிய பத்திரம் பத்து வருடம் கழித்தும் கோர்ட் ஏறும். சிங்கப்பூரில் இருக்கும் மகளிடம் பேசிப் பேசிக் கையெழுத்துக்குச் சம்மதிக்க வைப்பதெல்லாம் தரகர் தலையில்தான் விழுகிறது. உரிமையாளர் எழுதிக்கொடுத்த பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்து வேறொருவர் விற்கிறார் என்றால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் பார்த்துவர வேண்டும். அவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் செல்லாது.

கடலூருக்கென்று பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று வெள்ளம். கெடிலமும் தென்பெண்ணையும் 2015-லும் 2024-லும் என்ன செய்தன என்று நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு இருக்கிறதா, வாசற்படியிலிருந்து எத்தனை அடி உயரம், மனை ரோட்டைவிட எவ்வளவு பள்ளம், நிரவ எத்தனை லோடு மண் வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவரே ஊர்த் தரகர். மற்றொன்று எல்லை. ஊரை ஒட்டியே புதுச்சேரியின் பாகூர்ப் பகுதி. நிலம் அங்கே என்றால் பட்டா, வில்லங்கம், பதிவு எல்லாமே புதுச்சேரி அலுவலகங்களில். தமிழ்நாட்டு இணையதளத்தில் தேடி ‘வில்லங்கம் இல்லை’ என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

இவ்வளவும் செய்தவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். பதிவு முடிந்த அன்று, வங்கி வழியாக. எதையும் காட்டாமல் அட்வான்ஸுக்கு மட்டும் அவசரப்படுத்தினால் ஒதுங்கிவிடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாகக் கேட்டாலும் தராதீர்கள், வருமான வரிச் சட்டம் அதைத் தடுக்கிறது. வக்கீலின் சட்டக் கருத்து தனிச் செலவு. அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டுக் கடனை அடைத்துவிட்டோம். விற்கப் போனால் வில்லங்கத்தில் இன்னும் அடமானம் தெரிகிறது.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வங்கி தரும் ‘கடன் முடிந்தது’ கடிதம் போதாது. அடமானம் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை வங்கி அதிகாரி பதிய வேண்டும். தரகர் முதல் வாரமே கவனித்திருக்க வேண்டிய வேலை இது. இன்றே வங்கியில் நாள் கேளுங்கள். ரசீது பதிந்த பின் புதிதாக வில்லங்கம் எடுத்துப் பார்த்துவிட்டு, வாங்குபவருக்குப் பதிவு நாளைச் சொல்லுங்கள்.