நடுமரம் எங்கே?

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஆந்திராவில் கதிரி பக்கம் போனபோது திம்மம்மா மர்ரிமானு ஆலமரத்தைப் பார்த்தோம். ஐந்து ஏக்கர், 1989-இல் கின்னஸ் என்றெல்லாம் சொல்லிக் கூட்டிப்போனார்கள். அரைமணி நேரம் சுற்றியும் அடிமரம் எது என்று பிடிபடவில்லை. ஏதோ தோப்புக்குள் நின்ற மாதிரி இருந்தது. கொஞ்சம் ஏமாற்றம்தான். ஐந்நூறு வயதுக்கு மேல் என்கிறார்களே, நம்பலாமா?

ஒரு வாசகி, ஓசூர்

அன்புள்ள வாசகிக்கு,

அந்த வயது மரத்தை வைத்துக் கணக்கிட்டதல்ல. 1430-களில் கணவனின் சிதையில் ஏறினாள் திம்மம்மா, பந்தக்கால் ஒன்று துளிர்த்து மரமானது என்பது கதை. தேதி கதைக்குத்தான். முதல் அடிமரம் போன பிறகும் நிற்கிற ஆலில் எதை வெட்டி எந்த வளையத்தை எண்ணுவது?

நடுமரத்தைத் தேடியதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை, நானும் தேடியிருக்கிறேன். கல்கத்தாப் பக்கம் சிப்பூர் தாவரவியல் பூங்காவில் இருக்கும் ஆலுக்கு, பூஞ்சை அரித்ததால் 1925-இலேயே அடிமரத்தை எடுத்துவிட்டார்கள். நம் அடையாறு ஆலின் அடிமரம் 1989 புயலில் சாய்ந்தது. இரண்டும் விழுதுகளின் தயவில் இன்னும் நிற்கின்றன.

அடுத்த தடவை போனால் அண்ணாந்து பார்க்காமல் விழுதின் நுனியைப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக, ஈரமாக, குழந்தையின் விரல் மாதிரி இருக்கும். கிள்ளினால் போச்சு. மண்ணைத் தொட்டு வேர் பிடித்ததும் அது விறைத்துக்கொள்ளும், வளைந்து தொங்கியதுகூட இழுத்துக் கட்டிய கயிறு போல் நேராகும். பிறகுதான் பருக்க ஆரம்பிக்கும்.

ஆனால் நம் சாலையோர ஆல்களில் எத்தனை விழுது மண்ணைத் தொடுகிறது? எங்கள் ஊர் எல்லையில் ஒன்று இருக்கிறது. பையன்கள் ஊஞ்சலாடுவார்கள், ஆடு எட்டியவரை கடிக்கும், லாரிக்கு இடிக்கிறதென்று மிச்சத்தை அரிவாளால் கழிப்பார்கள். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று நானும் என் பங்குக்கு ஒடித்தவன்தான். அதற்கு நடுமரம் மட்டும் தெளிவாகத் தெரியும், சுற்றிலும் சிமெண்ட் மேடை வேறு. நீங்கள் தேடிய மாதிரியான மரம். ஒரு பெரிய காற்று வந்தால் தாங்கிப் பிடிக்க அதற்கு ஆள் இல்லை.

தெலங்கானாவில் மகபூப்நகர் பில்லலமர்ரி ஆலைக் கரையான் அரித்தபோது, 2018-இல் கிளைகளில் சலைன் பாட்டில் கட்டித் தொங்கவிட்டு மருந்து ஏற்றினார்கள். ஓசூரிலிருந்து ரொம்பத் தூரம்தான், ஆனாலும் முடிந்தால் போய்வாருங்கள். அங்கும் நடுமரத்தைத் தேடாதீர்கள்.