மின்தூக்கி விதிகளுக்குக் கருவி "முடியாது" என்பது ஏன்?

வணக்கம். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் மின்தூக்கிக்கு எல்டிஎல்லில் (காலப்போக்கில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதும் தர்க்க மொழி, LTL) மூன்றே விதிகள் எழுதியும், விதிகளிலிருந்து கட்டுப்பாட்டு நிரலைத் தானே உருவாக்கும் கருவி "நிறைவேற்ற முடியாது" என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கருவி சொல்வது சரிதான்.

உங்கள் விதிகள் இவை: அழைத்த மாடிக்கு என்றாவது போய்க் கதவைத் திறக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் நகரக் கூடாது. வாசலில் ஆள் இருந்தால் கதவை மூடக் கூடாது. சரி, தேக்கா சந்தையிலிருந்து தள்ளுவண்டியோடு வந்த பாட்டி வாசலிலேயே நின்று பேசிக்கொண்டே இருந்தால்? (நம் புளோக்கில் நடக்காததா!) மற்ற மாடிக்காரர்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். கருவி சுற்றுப்புறத்தை (ஆட்கள், அழைப்புகள்) எதிராளியாக வைத்தே ஆடும். எதிராளி ஜெயிக்க ஒரு வழி இருந்தாலும் கைவிரித்துவிடும்.

"வாசல் சென்சார் மறுபடி மறுபடி காலியாகும்" என்று சுற்றுப்புறத்தைப் பற்றி ஓர் அனுமானம் சேருங்கள். அனுமானம் பொய்யானால் கருவி விதிகளைக் காக்க வேண்டியதில்லை. கதவு ஒரே படியில் மூடுவதாக வைத்திருந்தால் இது போதும். ஆனால் "கதவு மறுபடி மறுபடி மூடும்" என்று எழுதிவிடாதீர்கள். கதவு கருவியின் கையில் இருக்கிறது. அதை மூடாமலே வைத்து அனுமானத்தைப் பொய்யாக்கி, எந்த அழைப்புக்கும் போகாமல் ஜெயித்துவிடும்!

அப்புறம், வேகம். முழு எல்டிஎல்லுக்கு மோசமான நிலையில் இரட்டை அடுக்குக்குறி நேரம் (அடுக்கின் மேல் அடுக்காக வளரும் நேரம்) ஆகும் என்று கணினி அறிவியலாளர்கள் ப்னூலியும் ரோஸ்னரும் 1989இல் காட்டிவிட்டார்கள். ஆனால் உங்கள் விதிகள் ஜிஆர்(1) வடிவத்தில் (எல்டிஎல்லின் வேகமாகத் தீர்க்கக்கூடிய ஒரு பகுதி) அடங்கும். அழைப்பை நினைவில் வைக்க மாடிக்கு ஒரு துணை மாறி வேண்டும், அவ்வளவுதான். ஜிஆர்(1)-க்கான கருவிகளான ஸ்லக்ஸிலோ ஸ்பெக்ட்ராவிலோ ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அடம்பிடித்தால் அனுமானப் பகுதியை இங்கே ஒட்டுங்கள்.